கவுன்சில் வேலையா, குத்தகை வேலையா? ஒரு சம்பளக் கணக்கு

கேள்வி, மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர். 3 மார்ச் 2025

என் தம்பி மகனுக்கு 22 வயது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து இரண்டு வருடம் தொழிற்சாலையில் இருந்தான். இப்போது இரண்டு இடத்தில் வேலை கிடைக்கும் போல இருக்கிறது. ஒன்று கவுன்சிலில் (ஊராட்சி மன்றத்தில்) பொதுப் பணியாளர், எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளி (ரிங்கிட்). இன்னொன்று குப்பை லோரிக் குத்தகையாளரிடம் (கான்ட்ராக்டரிடம்). அடிப்படை 1,700, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்தால் 2,400 வரை கைக்கு வரும் என்கிறார்கள். அரசாங்கச் சம்பளம் ஏறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பையனோ குத்தகைதான் லாபம் என்கிறான். யார் சொல்வது சரி?

3 மார்ச், இரவு

கவுன்சிலுக்கே போகச் சொல்லுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

4 மார்ச்

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். கேட்டவருக்குக் காரணம் வேண்டும் அல்லவா.

நான் ஒரு கவுன்சிலில் 29 வருடம் சம்பளப் பிரிவில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். எந்தக் கவுன்சில் என்பது இங்கே தேவையில்லை. அப்பாவும் அந்தக் காலத்தில் ஜார்ஜ்டவுன் தெருக்களைக் கூட்டியவர். தங்கை 2008 முதல் குத்தகையாளரிடம் மார்க்கெட் துப்புரவு வேலை செய்கிறாள். ஆக, இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சட்டம் சொல்லும் எண்கள். 2024 டிசம்பர் 1 முதல் அரசு ஊழியர்களுக்கு எஸ்.எஸ்.பி.ஏ. என்ற புதிய சம்பள முறை வந்தது. கீழ்நிலை ஊழியர்களுக்கும் நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினருக்கும் முதல் கட்டமாக 8 சதவீதம், 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாக 7 சதவீதம். உயர்மட்ட அதிகாரிகளுக்கு 4, பிறகு 3. அரசு ஊழியரின் குறைந்தபட்ச வருமானம் 1,795 வெள்ளியிலிருந்து 2,000 ஆனது. தனியார் துறையில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. பையனுக்கு வந்திருக்கும் இரண்டு எண்ணும் சட்டத்தின் அடிமட்டம்தான். இரண்டு பேருமே அதற்கு மேல் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க முன்வரவில்லை.

ஊராட்சி மன்றங்களுக்கு இந்தப் புதிய சம்பள முறையின் சுற்றறிக்கை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. மன்றக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட வேண்டும். பணமும் மன்றத்தின் சொந்த வருமானத்திலிருந்துதான் போகிறது. பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நாம் வரிசையில் நின்று கட்டும் வீட்டு வரி அதில் பெரும்பங்கு.

4 மார்ச், மாலை

ஒரு திருத்தம். 2,000 என்பது சம்பளம் இல்லை, வருமானம். அடிப்படைச் சம்பளம், நிலையான படி, வீட்டுப் படி, வாழ்க்கைச் செலவுப் படி எல்லாம் சேர்த்த தொகை. குத்தகையாளரின் 1,700 வெறும் அடிப்படை. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு 300 வெள்ளி வித்தியாசம் என்று சொல்லக் கூடாது. அடிப்படையை மட்டும் எடுத்தால் கவுன்சில் கீழே நிற்கவும் கூடும். பையனுக்கு இது தெரிந்திருக்கிறது போல. கெட்டிக்காரன்.

7 மார்ச்

நிபோங் திபாலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எப்போதுமே இப்படித்தானா, இல்லை இப்போதுதானா?"

2016 ஜூலை 1 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே நாளில் இரண்டு எண் மாறியது. அரசு ஊழியரின் தொடக்கச் சம்பளம் குறைந்தது 1,200 என்றார்கள். அதே நாளில் தீபகற்பத்தில் தனியாருக்கு 900 வெள்ளி 1,000 ஆனது. அன்று இடைவெளி 200. அது இரண்டு பக்கமும் அடிப்படைச் சம்பளம், ஒப்பிடலாம். என் மேசையில் புது அட்டவணை இருந்தது. அன்று சாயங்காலம் தங்கை வந்து "எங்களுக்கும் ஏறிடுச்சு அண்ணே" என்றாள். ஆயிரம் வெள்ளியைத் தொட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

கேட்டவர் நிபோங் திபால் என்பதால் இன்னொன்று. 2020 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,200 ஆக்கியபோது, மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் உள்ள பகுதிகளுக்கு மட்டும் என்று கோடு போட்டார்கள். மற்ற இடங்களுக்கு 1,100. பினாங்கில் தீவும் செபராங் பிறையும் மாநகர் மன்றங்கள், முழு மாநிலமும் 1,200. உங்கள் பக்கத்திலேயே கெடா மாநிலத்தின் பண்டார் பாரு. அது மாவட்ட மன்றம், அங்கே 1,100. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை என்றால் மாதம் 100 வெள்ளி குறைவு. மீனும் அரிசியும் அவர்கள் வாங்குவது நாம் போகும் அதே கடைத்தெருவில்தான். 2022 மே மாதம் 1,500 வந்தபோது அந்தக் கோட்டை அழித்தார்கள், நல்ல காரியம்.

9 மார்ச்

பையனின் கணக்கை இன்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஓ.டி. விஷயத்தில் அவன் சொல்வது சரிதான்.

குத்தகைத் தொழிலாளிக்கு வேலைச் சட்டம். மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, அதை 8 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 1,700க்கு அது 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. பொது விடுமுறையில் வழக்கமான நேரத்துக்கு மேல் செய்தால் மூன்று மடங்கு, 24 வெள்ளி 52 காசு.

கவுன்சில்காரருக்கு அரசாங்கப் பொது உத்தரவு. அடிப்படையை 12 ஆல் பெருக்கி 2,504 ஆல் வகுக்க வேண்டும். இந்த 2,504 என்ற எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அத்தனை படிவம் பார்த்திருக்கிறேன். அடிப்படை 1,500 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மணிக்கு 7 வெள்ளி 19 காசு. சாதாரண நாள் பகலில் ஓ.டி. விகிதம் ஒன்றே கால்கூட இல்லை, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும். 8 வெள்ளி 9 காசு. இரவு பத்து மணிக்கு மேல்தான் ஒன்றே கால். பொது விடுமுறைப் பகல் ஒன்றே முக்கால், இரவு இரண்டு மடங்கு, 14 வெள்ளி 38 காசு.

கூடுதல் வேலைக்குக் கிடைக்கும் கூலியில் கவுன்சில் ஊழியர்தான் பின்தங்கி நிற்கிறார். ஊதிய இடைவெளி பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. மூன்றாம் தேதி "யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் தம்பி, 2,400க்கு வர 700 வெள்ளி ஓ.டி. வேண்டும். 12.26 ஆல் வகுத்துப் பார். 57 மணி நேரம். மாதத்தில் 26 நாளும் எட்டு மணி லோரிக்குப் பின்னால் ஓடிவிட்டு, தினமும் இன்னும் இரண்டு மணிக்கு மேல். 22 வயதில் முடியும். 42 வயதில் முழங்கால் என்ன சொல்லும் என்பதையும் கணக்கில் சேர்.

9 மார்ச், இரவு

மேலே உள்ள கணக்கு சட்டம் சொல்கிற கணக்கு. கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. தங்கையிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

16 மார்ச்

தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே புளோக். மைலோ டின் ஒன்றில் பழைய சம்பளச் சீட்டுகளைச் சுருட்டி வைத்திருந்தாள். பாதி பழுப்பு உறைகள். உறை மேலேயே பேனாவால் தொகை எழுதி, கீழே "கையுறை 15" என்று கழித்திருக்கிறார்கள். துப்புரவு வேலைக்குக் கையுறையை அவளே காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

தரையில் பரப்பி வருட வரிசையில் அடுக்கினோம். 2013 ஜனவரியில் 900. 2016 ஜூலையில் 1,000. 2019 ஜனவரியில் 1,100. 2020 பிப்ரவரியில் 1,200. 2022 மே மாதம் 1,500. போன மாதம் 1,700.

இந்த ஆறு எண்ணும் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மாறிய வரலாறு. ஆறு தடவையும் அரசாங்கம் சொன்ன நாளில், சொன்ன தொகைக்கு ஏறியிருக்கிறது. இடையில் ஒரு வருடம்கூட "நன்றாக வேலை செய்தாய்" என்று பத்து வெள்ளி சேர்க்கவில்லை. 17 வருட அனுபவத்துக்கு விலை சுழியம். நேற்று சேர்ந்த பெண்ணும் அவளும் இன்று ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். புதிய பெண்ணுக்கு எந்த வடிகால் எப்போது அடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பது இவள்தான்.

நான் சம்பளம் போட்ட இடத்தில், தெருக்கூட்டும் ஊழியருக்கும் வருடாந்தர உயர்வு உண்டு. தொகை சிறியது. ஆனால் வருடா வருடம் நிற்காமல் ஏறும். 2023 ஜனவரியில் கிரேடு 11 முதல் 56 வரை சிறப்பு உயர்வாக 100 வெள்ளி வந்தது. பத்து, பதினைந்து வருடத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை தங்கையின் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதல் மாதச் சம்பளத்தில் இடைவெளி சின்னது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு வருடமும் அதை அகலமாக்குகிறது.

18 மார்ச்

தங்கையின் அனுபவத்துக்கு ஏன் விலையே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். குத்தகை மாறுவதால்தான்.

துப்புரவுக் குத்தகை சில வருடத்துக்கு ஒரு முறை புதிய ஆளுக்குப் போகிறது. தங்கை வேலை செய்யும் மார்க்கெட் அதேதான், தள்ளுவண்டிகூட அதேதான். முதலாளி மட்டும் இதுவரை நான்கு பேர். ஒவ்வொருவரும் புதிய நியமனக் கடிதம் கொடுத்தார்கள், சேவைக் காலம் முதல் நாளிலிருந்து தொடங்கியது. வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள் விடுப்பு, இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 12, அதற்கு மேல் 16. பதினேழு வருடத்தில் அவள் 16ஐத் தொட்டதே இல்லை. 12க்கு ஏறுவாள், புதிய முதலாளி வருவார், திரும்ப 8.

மூன்றாவது முதலாளி நான்கு மாதம் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டவில்லை. ஊழியர் பங்கு 11 சதவீதத்தை மட்டும் சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்துவிட்டார். கைப்பேசியில் கணக்கைத் திறந்து காட்டியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. புகார் கொடுத்த பிறகு கட்டினார். சம்பளம் வாங்கிய அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியிருக்க வேண்டும். குத்தகை வேலையில் இருப்பவர்கள் மாதா மாதம் 16ஆம் தேதி கணக்கைத் திறந்து பாருங்கள்.

21 மார்ச்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு நண்பர் அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டதற்குச் சுருக்கமாக. கோலாலம்பூரில் கதை வேறு. திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பர் 1 நடைமுறைக்கு வந்தபின் அங்கே அந்தப் பொறுப்பு மத்திய அரசிடம் போய்விட்டது, வேலையைச் செய்வது குத்தகை நிறுவனம். பினாங்கும் சிலாங்கூரும் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. அதனால்தான் நம் ஊரில் கவுன்சில் சட்டை போட்ட துப்புரவு ஊழியரை இன்றும் பார்க்கிறீர்கள். "கவுன்சில் ஊழியர் சம்பளம் உயர்ந்தது" என்று செய்தி வரும்போது, தெருவில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குள் வருகிறார்கள் என்று ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும்.

2 ஏப்ரல்

அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்ட பெண்ணுக்கு.

அப்பா காலையில் நான்கரைக்கு சைக்கிளை எடுப்பார். ஈர்க்குக் கூட்டுமாறு இரண்டு, பின்னால் கட்டியிருக்கும். அது கவுன்சில் கொடுத்தது. கைப்பிடியைச் சைக்கிள் டியூபால் சுற்றிக்கொண்டது அவர் வேலை. லெபோ பசார் பக்கம் பூக்கடைக் கழிவு அள்ளிய நாளில் அவர் சட்டையில் மல்லிகை வாசம் வரும், அம்மா அதற்காகவே கொஞ்சம் தாமதமாகத் துவைப்பாள்.

ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1 மாநகரானது, முதல் மேயர் டி. எஸ். ராமநாதன். அப்போது மன்றத்துக்குத் தேர்தல் இருந்தது. தெருக்கூட்டியின் ஓட்டுக்கும் மதிப்பு இருந்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976ஆம் வருட ஊராட்சிச் சட்டத்தோடு அது முடிந்தே போனது. இப்போது மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வரி கட்டுகிறவனும் தெருக்கூட்டுகிறவனும் ஓட்டுப் போட்டு வந்த மன்றமாக இருந்தால், துப்புரவுக் குத்தகையில் "பழைய ஊழியரின் சேவைக் காலம் தொடர வேண்டும்" என்று ஒரு வரி எப்போதோ வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்பா பென்சனோடு ஓய்வு பெற்றார். அவர் போன பிறகு அம்மாவுக்கும் அது வந்தது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோன மாதம் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

3 ஏப்ரல்

நேற்று பென்சன் என்று எழுதினேன், பையன் ஏமாந்துவிடக் கூடாது. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பென்சன் கிடையாது, இ.பி.எஃப்.தான். முன்பு பென்சன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 17.5 சதவீதத்தை மன்றம் ஓய்வூதிய நிதிக்குக் கட்டும். நானே மாதா மாதம் அந்தப் பட்டியலைத் தயாரித்திருக்கிறேன். புதியவர்களுக்கு முதலாளி பங்கு தனியார் துறையில் இருப்பது போலத்தான்.

ஆக, பையனுக்கு எங்கள் அப்பாவின் வேலை கிடைக்கப்போவதில்லை. பெயர் அதே பெயர். இனிமேல் கவுன்சிலுக்கு உள்ளேயே ஒரு இடைவெளி இருக்கும். ஒரே லோரியில் மூத்தவருக்குப் பென்சன், இளையவருக்கு இல்லை.

12 ஏப்ரல்

பெண்கள் சம்பளம் பற்றி ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். கிரேடு ஒன்றென்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிப்படை ஒன்றுதான், அதில் ஒரு காசு வேறுபாடு நான் பார்த்ததில்லை. ஆனால் மாதக் கடைசியில் வங்கிக்குப் போகும் தொகை ஒன்றாக இருக்காது. ஓ.டி. படிவங்கள் என் மேசைக்கு வரும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் இலாகாத் தலைவர் தனியாக அனுமதி தர வேண்டும். அப்படி அனுமதிக்குப் போகும் படிவங்களில் எல்லாம் ஆண்கள் பெயர். லோரி, இரவு வேலை, வெள்ளம் வந்த நாள் அவசர வேலை, எல்லாவற்றுக்கும் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஆண்களைத்தான் அழைப்பார். ஒரு அம்மா, தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், "என்னையும் ராத்திரி வேலைக்குப் போடச் சொல்லுங்க கிராணி" என்று என்னிடம் வந்து கேட்டார். என் கையில் அந்த அதிகாரம் இல்லை. மண்டோரிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

12 ஏப்ரல், சற்றுப் பிறகு

எல்லாருக்கும் ஒரே 8 சதவீதம் என்றால் இடைவெளி குறையுமா என்றும் அவரே கேட்டார். 1,500க்கு 8 சதவீதம் 120. 6,000க்கு 8 சதவீதம் 480. உயர்வுக்கு முன் இரண்டு பேருக்கும் இடைவெளி 4,500, பிறகு 4,860. உயர்மட்டத்துக்குக் குறைத்துக் கொடுத்தது நியாயம். அந்த நியாயத்தைப் பொறியாளர், அதிகாரி வரை கீழே கொண்டுவந்திருக்கலாம். குறைந்தபட்ச வருமானத்தை 2,000 ஆக்கியது அந்த விரிசலைக் கொஞ்சம் பூசியது.

1 மே

தொழிலாளர் தினம். தங்கைக்கு இன்று வேலை உண்டு. போன தைப்பூசக் கதையை இன்றுதான் முழுதாகச் சொன்னாள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் போன பாதையில் துப்புரவுக்கு இவர்களையும் அழைத்தார்கள். டத்தோ கெராமாட் சாலையில் தேங்காய் மலை போலக் கிடந்தது. சவளால் அள்ளினால் ஓடு கிரீச்சென்று தரையில் இழுபடும். இளநீர் ஓடி ரோடு வழுக்கும். வெயில் ஏறினால் புளித்த வாடை. உடைந்த ஓட்டின் முனை ரப்பர் பூட்ஸைக் கிழித்துவிடும். கவுன்சில் ஆள்களும் குத்தகை ஆள்களும் கலந்து நின்று அள்ளினார்கள். விடிய விடிய வேலை, விடிந்தால் பிப்ரவரி 11, பொது விடுமுறை.

நான் 9 மார்ச் போட்ட கணக்குப்படி அன்று குத்தகை ஆள்தான் அதிகம் வாங்கியிருக்க வேண்டும். கவுன்சில் ஆள்களுக்கு ஓ.டி. அடுத்த மாதச் சீட்டில் தனி வரியாக வந்தது. தங்கைக்கு ஒரு சிவப்பு உறையில் 80 வெள்ளியும் ஒரு பொட்டலம் பிரியாணியும் கொடுத்தார்கள். சீட்டில் ஒன்றும் இல்லை. "சாமி வேலைதானே அண்ணே" என்றாள். சாமி வேலைக்கும் சட்டப்படி கூலி உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். யோசிக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயம்.

20 ஜூன்

தங்கை சம்மதித்தாள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் வந்தோம். சீட்டுகளை மைலோ டின்னோடு கொண்டுபோனோம். அந்த அதிகாரி பெண் ஒவ்வொன்றையும் விரித்துப் படம் எடுத்துக்கொண்டார். பொறுமையான பெண்.

8 ஆகஸ்ட்

பட்டர்வொர்த்காரர் இரண்டு கடிதங்களையும் அனுப்பினார். குத்தகையாளர் கடிதத்தில் 1,700 இருக்கிறது, ஓ.டி. பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2,400 என்பது வாய்ப்பேச்சு. வேலைக் காலம் இரண்டு வருடம், "குத்தகை நீட்டிக்கப்பட்டால் தொடரும்". கவுன்சில் கடிதத்தில் கிரேடு இருக்கிறது, படிகள் தனித்தனியாக இருக்கின்றன, வருடாந்தர உயர்வுத் தொகை எழுத்தில் இருக்கிறது. கடிதத்தில் எழுதியதைத்தான் நாளைக்குக் கேட்க முடியும். முதல் நாள் சொன்ன பதிலுக்கே வந்துவிட்டேன், இந்தத் தடவை காரணத்தோடு.

தங்கைக்கு இன்னும் பதில் வரவில்லை.

29 ஆகஸ்ட்

பையன் கவுன்சில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம், அடுத்த வாரம் வேலைக்குப் போகிறான். மகிழ்ச்சி. ஒன்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். சேவைப் புத்தகம் திறந்து, வங்கி எண் ஏறி, முதல் சம்பளம் வர ஒரு மாதம் தாமதமாகலாம். நான் இருந்தபோது எத்தனையோ பையன்கள் கவுன்டர் முன்னால் வந்து பயந்துபோய் நிற்பார்கள். பணம் சேர்ந்து வந்துவிடும். அதுவரைக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கொடுங்கள்.

கையுறையை அவன் காசில் வாங்க வேண்டாம். ஸ்டோரில் கேட்டால் கொடுப்பார்கள்.